கோத்தகிரி சேகரிப்பு மையத்தில் அரிவாள் செல் எச்பிஎல்சி: ரிப்போர்ட் சரி, வரைபடம் எங்கே?

இந்தியாவில் அரிவாள் செல் நோய் (சிவப்பணு அரிவாள் போல வளையும் பரம்பரை ரத்தக் கோளாறு) 1952ல் முதலில் பதிவானதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். அதனால் இங்கே எச்பிஎல்சி, அதாவது ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் சோதனை, நன்றாக நடந்தாக வேண்டும். இந்த மையம் 2 மில்லி ரத்தத்தை ஊதா மூடி ஈடிடிஏ குழாயில் (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் உள்ளது) எடுத்து, எட்டு பத்து முறை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கிறது. குலுக்குவதில்லை, அதுவே பெரிய விஷயம். கோயம்புத்தூர் போகும் பெட்டியில் ஐஸ் பேக்குக்கும் குழாய்க்கும் நடுவே அட்டை வைக்கிறார்கள். ஒட்டி வைத்தால் செல்கள் உடைந்து, அதே குழாயில் பார்க்கும் ரத்த அணு எண்ணிக்கை வீணாகும்.

குறை ரிப்போர்ட்டில் இருக்கிறது. ஒவ்வொரு ஹீமோகுளோபின் வகையின் சதவீதம் மட்டும் தருகிறார்கள், கருவி வரைந்த வரைபடம் கேட்டால்தான் வருகிறது. கேட்டு வாங்குங்கள். ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகை பொதுவாக 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பீட்டா தலசீமியா (இன்னொரு பரம்பரை ரத்தக் கோளாறு) கேரியரோ, அதாவது அந்த மரபணுவைச் சுமப்பவரோ, என்று பார்ப்போம். ஆனால் ‘எஸ்’ (அரிவாள் செல் ஹீமோகுளோபின்) இருக்கும் ரத்தத்தில் இந்த முறை ஏ2வைக் கொஞ்சம் கூட்டியே காட்டும். இரும்புச்சத்து குறைவு அதைக் குறைத்துக் காட்டும். ‘எஸ்’ 35-40 சதவீதம், மீதி பெரும்பாலும் ‘ஏ’ (இயல்பான வகை) என்றால் அரிவாள் செல் கேரியர், நோயாளி அல்ல. இந்த வித்தியாசத்தை, ‘எஸ்’ இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் மலிவான கரைதிறன் சோதனை சொல்லாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அது சுத்தமாக உதவாது.

மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏற்றிய ரத்தம் சதவீதங்களை மாற்றிவிடும். கவுண்டரில் கேட்பதில்லை. ஞாயிறு மாதிரிகளைக் கோயம்புத்தூர் கொண்டுபோகும் வண்டி மலையிறங்காது. சனி மதியத்துக்குப் பின் சோதனைக்கு ரத்தம் கொடுக்காதீர்கள்.