பிரஸ்ஸல்ஸில் ‘பழைய’ புளிப்பு பீர் சுவைக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பிரஸ்ஸல்ஸின் கிராண்ட் பிளாஸ் சதுக்கத்திலிருந்து பிரியும் சந்து ஒன்றில் உள்ள பீர் சுவைக்கூடத்தில், கடந்த அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை மாலையில், நானும் அலுவலக வேலையாகச் சென்னையிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவரும் 132 யூரோ கொடுத்து ஏமாந்தோம். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயர் தெரியாவிட்டாலும், ஏமாற்று எப்படி நடந்தது என்று தெரிந்தால் எந்தக் கடையிலும் அதைக் கண்டுகொள்ளலாம் என்பதால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

வாசலில் நிறுத்தியிருந்த கரும்பலகையில், ஓக் மரப் பீப்பாயில் முதிர்ந்த பொன்னிறப் புளிப்பு பீர் மூன்று வகை, ஒருவருக்கு 32 யூரோ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே கலக்காத லாம்பிக், ‘அவ்டே கோஸ்’, மூன்றாண்டுப் பீப்பாய் லாம்பிக் என்று மூன்று பெயர்கள் இருந்தன. (கோஸ் என்றதும் முட்டைக்கோஸ் நினைவுக்கு வருவதை என் நண்பரால் கடைசிவரை தவிர்க்க முடியவில்லை.) ‘அவ்டே’ என்ற டச்சுச் சொல்லுக்குப் பழைய என்று பொருள், பிரெஞ்சுப் பெயர்ச்சீட்டுகளில் அதே இடத்தில் ‘வியேய்’ என்று இருக்கும். நாங்கள் கொடுத்த பணத்தின் பெரும்பகுதி இந்த ஒற்றைச் சொல்லுக்காகத்தான் போனது.

லாம்பிக் என்பது பிரஸ்ஸல்ஸிலும், அதற்குத் தென்மேற்கே சென் ஆற்றை ஒட்டிய பயோட்டன்லாந்து வட்டாரத்துச் சிற்றூர்களிலும் காய்ச்சப்படும் பீர். முளைகட்டிய பார்லியோடு முளைகட்டாத கோதுமையைக் குறைந்தது 30 விழுக்காடு சேர்த்துக் காய்ச்சிய சாற்றை, ஆழம் குறைந்த அகலமான தொட்டியில் ஊற்றி, குளிர்கால இரவில் திறந்தபடியே ஆறவிடுவார்கள். ஈஸ்ட் எதையும் ஆலைக்காரர் சேர்ப்பதில்லை. காற்றிலும் கட்டடத்திலும் பீப்பாய் மரத்திலும் குடியிருக்கும் நுண்ணுயிர்களே அதை நொதிக்க வைக்கின்றன. கலயத்தில் சொட்டும் பனஞ்சாறு யாரும் எதையும் சேர்க்காமலே கள்ளாவதை அறிந்த நமக்கு இதில் புதிர் எதுவும் இல்லை; ஆனால் கள் ஒரே நாளில் ஏறிவிடும், லாம்பிக்குக்கு ஆண்டுக்கணக்கில் பொறுமை வேண்டும். முதலில் சாதாரண ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஓய்கிறது, அடுத்து லாக்டிக் அமிலம் தரும் பாக்டீரியாக்கள் புளிப்பேற்றுகின்றன, அதன் பிறகு, மற்றவை தொடாமல் விட்ட சிக்கலான சர்க்கரைகளையும் மெல்ல மெல்லத் தின்று தீர்க்கும் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் பீப்பாயை ஆட்கொள்கிறது. கோபன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பெர்க் ஆலையின் கிளாவுசன் 1904 இல் பெயர் வைத்த இந்த ஈஸ்ட்டின் ஓர் இனத்துக்குப் பிரஸ்ஸல்ஸின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. மூன்று ஆண்டு பீப்பாயில் கிடந்த லாம்பிக்கில் சர்க்கரை என்று சொல்லத்தக்க அளவில் எதுவும் மிஞ்சியிருக்காது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும்.

ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு வயதுள்ள லாம்பிக்குகளைக் கலந்து, ஷாம்பெய்ன் போலத் தக்கை இறுக்கிய புட்டியில் அடைத்தால், இளைய லாம்பிக்கில் மிஞ்சிய சர்க்கரை புட்டிக்குள்ளேயே மீண்டும் நொதித்து நுரை பிறக்கும். அதுதான் கோஸ். ‘அவ்டே கோஸ்’ என்ற பெயரை 1997 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மரபுவழிச் சிறப்புப் பொருளாகப் பாதுகாக்கிறது. அந்தப் பெயரில் விற்கப்படுவது முழுவதும் லாம்பிக்காகவே இருக்க வேண்டும். கலவையின் சராசரி வயது ஓராண்டுக்குக் குறையக் கூடாது. அதில் மிகப் பழைய பங்கு மரப்பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டு கிடந்ததாக இருக்க வேண்டும். ‘அவ்டே’ இல்லாமல் வெறும் ‘கோஸ்’ என்று விற்கப்படுவதற்கு இந்தக் கட்டுப்பாடுகள் பொருந்தா. அதில் வேறு பீரைக் கலக்கலாம், இனிப்பும் சேர்க்கலாம். அப்படி விற்பது சட்டத்துக்கு உட்பட்டதுதான், அதை விரும்பிக் குடிப்பவர்களும் உண்டு, விலையும் மலிவு. அதைப் பழையது என்று சொல்லி விற்பதுதான் குற்றம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தேர்லெக்ட் பகுதியில் 1900 முதல் இயங்கிவரும் கான்டியோன் ஆலைக்கு நான் போயிருந்தேன். ஆலையே அருங்காட்சியகமாகவும் இருக்கும் இடம் அது. அங்கே குடித்த சுவை நாக்கில் இன்னமும் இருக்கிறது: எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், உலர்ந்த வைக்கோல், அதற்கு அடியில் குதிரைத் தொழுவத்தை நினைவூட்டும் ஒரு வாடை, முடிவில் ஓக் மரத்தின் துவர்ப்பு. முதன்முறை குடிப்பவர் முகம் சுளிப்பார். எனக்கும் முதல் கோப்பை முடிவதற்குள்தான் அது பிடிபட்டது. அந்த அனுபவம் இல்லாதிருந்தால், என் நண்பரைப் போலவே நானும், புளிப்பு பீர் என்றால் இப்படித்தான் இருக்கும் போலும் என்று நம்பிக்கொண்டு வந்திருப்பேன்.

சுவைக்கூடத்தில் முதலில் வந்தது கலக்காத லாம்பிக். மூன்று விரல் உயரத்துக்கு வெள்ளை நுரை எழும்பியிருந்தது. மரப்பீப்பாய் நொதிக்கும்போது உண்டாகும் வாயுவைப் பிடித்துவைப்பதில்லை. ஆகவே பீப்பாயிலிருந்து நேரே எடுத்த லாம்பிக் ஏறக்குறைய அசைவற்ற வெள்ளை ஒயின் போல, நுரையில்லாமல் இருக்க வேண்டும். நான் இதைக் கேட்டபோது பரிமாறியவர், எங்கள் வீட்டு முறை இது என்று சிரித்தார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். நண்பரை இவ்வளவு தூரம் அழைத்துவந்துவிட்டு முதல் கோப்பையிலேயே சண்டை பிடிப்பதா என்ற கூச்சத்தில் உட்கார்ந்திருந்தேன். இப்படிப்பட்ட கடைகள் நடப்பதே இந்தக் கூச்சத்தை நம்பித்தான்.

இரண்டாவது கோப்பைதான் பலகையில் ‘அவ்டே கோஸ்’ என்று எழுதப்பட்டது. நிறம் பொன்னிறமாக இருந்தது, புளிப்பும் இருந்தது, ஆனால் விழுங்கிய பிறகு உதட்டில் பிசுக்காக ஓர் இனிப்பு தங்கியது. நண்பருக்கு இது பிடித்திருந்தது. சோடா கலந்த எலுமிச்சை ரசம் மாதிரி இருக்கிறது என்றார். உயிருள்ள ஈஸ்ட்டோடு அடைத்த புட்டியில் சர்க்கரையைச் சேர்த்தால் ஈஸ்ட் அதைத் தின்று வாயுவாக்கிவிடும், புட்டி வெடிக்கவும் கூடும். ஆகவே ஒரு கோஸ் இனிக்கிறது என்றால், ஒன்று சூடேற்றி ஈஸ்ட்டைக் கொன்றுவிட்டு இனிப்பைச் சேர்த்திருக்க வேண்டும், அல்லது ஈஸ்ட் தின்ன முடியாத செயற்கை இனிப்பைக் கலந்திருக்க வேண்டும். எந்த வழியாக இருந்தாலும் பலகையில் எழுதிய பெயருக்கு அது உரியதன்று.

மூன்றாவது கோப்பையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. மூக்கருகே கொண்டுபோனதும் காடி நெடி ஏறிக் கண் கரித்தது. சிறிதளவு அசிட்டிக் அமிலம் நல்ல லாம்பிக்கிலும் இருக்கும் என்பதால் இதை மட்டும் வைத்து ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். திறந்த புட்டியைப் பல நாள் வைத்திருந்து ஊற்றினாலும் காற்றுப் பட்டு இதே நெடி வரும். எங்கள் கண் முன்னே எந்தப் புட்டியும் திறக்கப்படவில்லை என்பதால் எது காரணம் என்று அறிய வழியில்லை.

இதற்குப் பிறகுதான் உண்மையான இழப்பு நேர்ந்தது. எங்கள் முகத்தைப் பார்த்த பரிமாறுபவர், உங்களைப் போல ரசனை உள்ளவர்களுக்கென்று நிலவறையில் ஒரு புட்டி இருக்கிறது, கொண்டுவரட்டுமா என்று கேட்டார். விலையைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அது என் பிழை. தூசி படிந்த 75 சென்டிலிட்டர் புட்டி ஒன்று, படிவு கலங்காமல் இருக்கச் சாய்த்து வைக்கும் பிரம்புக் கூடையில் அழகாகப் படுத்திருந்தபடி மேசைக்கு வந்தது. ஆனால் தக்கை ஏற்கெனவே பிடுங்கப்பட்டிருந்தது. சுவை இரண்டாவது கோப்பையின் சுவையேதான், அதே உதட்டுப் பிசுக்கு. கழிப்பறைக்குப் போகும் வழியில், கல்லாவுக்குப் பின்னே அடுக்கியிருந்த காலிப் புட்டிகளைப் பார்த்தேன். ஆறேழு புட்டிகளில் ஒரே பெயர்ச்சீட்டு. அதில் வெறும் ‘கோஸ்’ என்றுதான் இருந்தது. சேர்பொருள் வரிசையில் சர்க்கரையும் இனிப்பூட்டி ஒன்றும் குறிக்கப்பட்டிருந்தன. படம் எடுத்துக்கொண்டேன்.

ரசீதில் இருவருக்கும் சேர்த்து 64 யூரோ, புட்டிக்கு 68 யூரோ, சேவைக் கட்டணம் என்று 10 விழுக்காடு, ஆக மொத்தம் 145 யூரோ 20 சென்ட். அட்டை இயந்திரம் பழுது, ரொக்கம்தான் வேண்டும் என்றார்கள். பெல்ஜியத்தில் நுகர்வோருக்குக் காட்டும் விலை வரியும் சேவையும் அடங்கிய முழு விலையாக இருக்க வேண்டும் என்றும், 2022 ஜூலை 1 முதல் எல்லாக் கடைகளும் மின்னணு முறையில் பணம் செலுத்த ஏதேனும் ஒரு வழி தர வேண்டும் என்றும் சட்டம் இருப்பதை நான் சொன்னதும், சேவைக் கட்டணம் நீங்கியது, பழுதான இயந்திரமும் இரண்டே நிமிடத்தில் குணமானது. பெயர்ச்சீட்டின் படத்தைக் காட்டியபோது கல்லாவில் இருந்தவர் தந்த பதில்: கோஸ் என்றால் கோஸ்தான், பழையது என்று பலகையில் எழுதியது எங்கள் கடையின் மரபைக் குறித்தது. என் நண்பர் விமானத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. 132 யூரோவை அட்டையில் செலுத்திவிட்டு வெளியே வந்தோம்.

இந்த நகரத்துக்கு வரும் தமிழர்கள், குறிப்பாக ஜெர்மனியிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் நெதர்லாந்திலிருந்தும் வார இறுதிக்கு வருபவர்கள், சுவைக்கும் அமர்வுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே, ஊற்றப்போகும் புட்டிகளைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் உட்காராதீர்கள். புட்டியில் ‘அவ்டே’ அல்லது ‘வியேய்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்துச் சேர்பொருள் வரிசையில் E 950, E 954, E 960 போன்ற எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை முறையே அசெசல்ஃபேம், சாக்கரின், ஸ்டீவியா வகை இனிப்பூட்டிகளுக்கான குறியீடுகள். தக்கையை உங்கள் மேசையில் உங்கள் கண்ணெதிரே பிடுங்கச் சொல்லுங்கள். நல்ல கடைகளில் அதைக் கேட்கவே தேவையிருக்காது, அவர்களே பெருமையோடு செய்வார்கள். நுரை பொங்கும் பீப்பாய் லாம்பிக் வந்தால் காரணம் கேளுங்கள். புட்டி ஒன்றைக் கூடுதலாகக் கொண்டுவரட்டுமா என்று யாராவது கேட்டால், பதிலுக்கு முன் விலையைக் கேளுங்கள்.

பெல்ஜியத்தின் பொருளாதாரத் துறை இணையவழியில் புகார்களை வாங்கிக்கொள்கிறது. ஆனால் அது கண்காணிப்புக்கும் விசாரணைக்கும் பயன்படுத்துமே தவிர, உங்கள் பணத்தைத் திருப்பி வாங்கித் தரும் வேலையைச் செய்யாது. அதற்கு நுகர்வோர் சமரசச் சேவையை அணுக வேண்டும்; வேறு ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் வசிப்பவர்கள் தம் நாட்டில் உள்ள ஐரோப்பிய நுகர்வோர் மையம் வழியாகப் போகலாம். ரசீதும், பலகையின் படமும், பெயர்ச்சீட்டின் படமும் கையில் இல்லாமல் இவற்றில் எதுவும் நகராது. நல்லவேளையாக மூன்றும் என்னிடம் இருந்தன. இரண்டு இடங்களுக்கும் எழுதி ஐந்து வாரம் ஆகிறது. கடையிலிருந்து இதுவரை வந்திருப்பது, அடுத்த முறை வந்தால் இருவருக்கும் ஒரு கோப்பை இலவசம் என்ற மின்னஞ்சல் மட்டுமே. எந்த பீர் என்று அதில் எழுதவில்லை.