மூன்றாவது நட்சத்திரமா, மூன்று துணை வீரர்களா?

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஓர் அணியிடம் தரமான நட்சத்திர வீரர்கள் இருவர் இருக்கிறார்கள். மிச்சப் பணத்தை மூன்றாவது நட்சத்திரத்துக்குக் கொடுப்பதா, மூன்று நல்ல துணை வீரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதா? இப்போதைய சம்பள விதிகளை வைத்துப் பார்த்தால் இரண்டாவது வழிதான் மேல்.

முதலில் நிமிடக் கணக்கு. ஆட்டம் 48 நிமிடம், களத்தில் 5 பேர். ஆக, நிரப்ப வேண்டியது 240 நிமிடம். மூன்று நட்சத்திரங்களும் ஆளுக்கு 36 நிமிடம் ஆடினாலும் 108தான். மீதி 132 நிமிடத்தைக் குறைந்தபட்சச் சம்பளக்காரர்களை வைத்து ஒப்பேற்ற வேண்டியிருக்கும்.

2024-25இல் பீனிக்ஸ் செய்தது இதைத்தான். டுரான்ட், புக்கர், பீல் மூவருக்கும் சேர்த்துச் சுமார் 15 கோடி டாலர். அந்த ஆண்டு முழு அணிக்குமான சம்பள வரம்பே 14.06 கோடி. 36 வெற்றி, 46 தோல்வியோடு, கோப்பைக்கான நாக்அவுட் கட்டமான பிளேஆஃபைத் தவறவிட்டது அணி. தவறு புரிந்தாலும் திருத்துவது கடினம்: சம்பள வரம்புக்கு வெகு மேலே உள்ள, இரண்டாவது ஏப்ரன் எனப்படும் உச்சக்கோட்டைத் தாண்டிய அணி, இரு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு வீரரை டிரேடில் (வீரர் பரிமாற்றத்தில்) வாங்க முடியாது. தன்னை டிரேட் செய்வதைத் தடுக்கும் உரிமையும் பீலின் ஒப்பந்தத்தில் இருந்தது. கடைசியில், 2025 ஜூலையில், பணம் கொடுத்தே அவரை விடுவித்தார்கள்.

அதே பருவத்தில் ஓக்லஹோமா சிட்டி ஹார்ட்டன்ஸ்டைனுக்கு 3 கோடி, டார்ட்டுக்கு 1.65 கோடி, கருசோவுக்கு ஒரு கோடிக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்தது. பீல் ஒருவருக்கே 5 கோடி போனதோடு ஒப்பிட்டால், கொஞ்சம்தான் கூடுதல். 68 வெற்றி, கோப்பை. டென்வருடனான பிளேஆஃப் தொடரின் 7வது ஆட்டத்தில் 6 அடி 5 அங்குல கருசோ, டென்வரின் நெடிய நட்சத்திரம் யோக்கிச்சை முன்னால் நின்று மறித்து, உள்ளே பந்து வரும் வழியையே அடைத்தார். ஆனால் ஓக்லஹோமாவின் நட்சத்திரங்களான ஜேலன் வில்லியம்ஸும் ஹோம்க்ரெனும் அப்போது முதல் ஒப்பந்தத்தின் மலிவுச் சம்பளத்தில் இருந்தார்கள் என்பதை மறைத்துவிட்டு இந்த ஒப்பீட்டைச் செய்யக் கூடாது.

களத்திலும் காரணம் தெளிவு. பந்து ஒன்றுதான். நட்சத்திரம் ஸ்கிரீனைச் (காவலரை மறித்து நிற்கும் சக வீரரைச்) சுற்றி வளையத்தை நோக்கிப் பாயும்போது, மூலையில் நிற்பவரைக் காக்கும் ஆள் உதவிக்கு ஓட வேண்டும். மூலையிலிருந்து மூன்று புள்ளிக் கோடு 22 அடி, உச்சியில் 23 அடி 9 அங்குலம். மூலையில் நம்பகமான எறிவாளர் நின்றால் அந்தக் காவலர் தயங்குவார். அந்தத் தயக்கம்தான் நட்சத்திரத்துக்கு வழி திறக்கிறது. 2021-22 லேக்கர்ஸில் மூன்றாவது நட்சத்திரமாக வந்த வெஸ்ட்புரூக்கை யாரும் வெளியே வந்து காக்கவில்லை. மூன்று புள்ளி எறிவுகளில் அவர் போட்டது 29.8 சதவீதம். லெப்ரானுக்கான பாதையில் கூட்டம் கூடியது. வெஸ்ட்புரூக்கை வாங்க லேக்கர்ஸ் கொடுத்தவர்களில் கால்டுவெல்-போப்பும் குஸ்மாவும் 2020 கோப்பை அணியின் துணை வீரர்கள். போனது பெரிய இழப்பு.

மூன்று நட்சத்திரங்கள் வெற்றி கண்டதே இல்லையா? மயாமி கண்டது. ஆனால் அதன் மூன்றாவது நட்சத்திரமான பாஷ் தன் பழைய ஆட்டத்தைச் சுருக்கிக்கொண்டு சென்டராக (வளையத்தடியில் ஆடும் நெடிய வீரராக) மாறினார். 2013 இறுதித் தொடரின் 6வது ஆட்டத்தில் தவறிய எறிவின் ரீபவுண்டைப் பிடித்து ரே ஆலனுக்குத் தந்ததும் அவரே, 5.2 வினாடி மிச்சமிருக்க மூலையிலிருந்து விழுந்த அந்தப் பந்துதான் தொடரைக் காப்பாற்றியது. மூன்றாமவர் இப்படி இறங்கிவரத் தயாரா என்று தெரியாமல் ஒப்பந்தம் போடுவது ஆபத்து.

துணை வீரரைத் தேர்ந்தெடுப்பதிலும் சறுக்கல் உண்டு. ஒரே ஒரு ஓட்டை இருந்தாலும் பிளேஆஃபில் எதிரணி அதையே குடையும். 2015 பிளேஆஃப் தொடரில் மெம்ஃபிஸ் 2-1 என முன்னிலையில் இருந்தபோது, கோல்டன் ஸ்டேட் தன் சென்டர் போகட்டை மெம்ஃபிஸின் டோனி ஆலனுக்குக் 'காவல்' வைத்தது. உண்மையில் அவரை எறியவிட்டு போகட் வளையத்தடியில் நின்றார். அற்புதமான தடுப்பாட்டக்காரரான ஆலனைக் களத்தில் வைத்திருப்பதே சுமையாகிவிட்டது. தொடர் 4-2 என கோல்டன் ஸ்டேட்டுக்கு முடிந்தது. எனவே தடுப்பு மட்டும் போதாது. பந்து கைக்கு வந்த அரை வினாடியில் எறிவதா, பாய்வதா, கைமாற்றுவதா என்று முடிவெடுக்கத் தெரிய வேண்டும்.

இந்த வழிக்கும் விலை உண்டு: நன்றாக ஆடிய துணை வீரர் தங்க மாட்டார். 2023இல் டென்வர் கோப்பை வென்ற இறுதித் தொடரின் 4வது ஆட்டத்தில் 21 புள்ளி எடுத்த புரூஸ் பிரவுனுக்கு, விதிப்படி டென்வரால் ஆண்டுக்குச் சுமார் 78 லட்சம் டாலர்தான் தர முடிந்தது. இந்தியானா 2 ஆண்டுக்கு 4.5 கோடி தந்து அழைத்துக்கொண்டது. அடுத்த கோடையில் கால்டுவெல்-போப்பும் ஆர்லண்டோவுக்குப் போனார். டென்வர் 2024இலும் 2025இலும் இன்னொரு கோப்பையைத் தொடவில்லை.