கரெக்டர் பேலட் ரிவ்யூ: பச்சை ஏன் முதலில் தீர்ந்தது?

அம்மாப்பேட்டையில் வீட்டு முன்னறைதான் என் பார்லர். 13 வருடமாகக் கல்யாண மேக்கப் போடுகிறேன். சேலத்து மண்டபமோ ஏற்காட்டு ரிசார்ட்டோ, கூப்பிட்ட இடத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். முகத்துக் கருமை, சிவப்பை அடியில் அமுக்கி மறைக்கிற கிரீம் தட்டுதான் கரெக்டர் பேலட். இந்த ஆறு கலர் பேலட்டை முதல் அக்ரஹாரத்தில் ஒரு மொத்தக் கடையில் 640 ரூபாய்க்கு வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். குறையும் சொல்லப்போகிறேன், எதுக்கு வம்பு.

பச்சை, ஆரஞ்சு, பீச், மஞ்சள், லாவண்டர், தோல் நிறத்தில் ஒன்று. கிரீம் கெட்டி. பிரஷ்ஷால் இழுத்தால் திட்டுத் திட்டாக நிற்கும், மோதிர விரலால் தட்டித் தட்டி ஏற்ற வேண்டும். சித்திரை வெயிலில் ஆட்டோ சீட்டில் பெட்டியை வைத்துவிட்டு ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டு வருவதற்குள் ஆரஞ்சு உருகி மஞ்சளுக்குள் இறங்கிவிட்டது. பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துத்தான் சரி செய்தேன். மாநிறத்துக்குப் பச்சையைக் கொஞ்சம் கூடப் போட்டால் முகம் சாம்பல் பூத்துவிடும். மூக்கோரத்தில் வியர்த்தால் பிளக்கும்.

ஆனால் மறைக்கும் பாருங்கள், அதில் குறையே சொல்ல முடியாது. விடிகாலை முகூர்த்தத்துக்குப் போட்டது மதியப் பந்தி வரைக்கும், வீடியோக்காரர் லைட்டுக்கு அடியிலும் அசையவில்லை.

நம்மூர்ப் பெண்களுக்குக் கண்ணுக்கடியில் கருமை அதிகம். அதற்கு ஆரஞ்சு. அதனால் எந்தப் பேலட்டிலும் ஆரஞ்சுதான் முதலில் தீரும். இதில் பச்சை முதலில் தீர்ந்தது. சிவப்பை அமுக்குவதற்குத்தான் பச்சை. பாதி பருவுக்குப் போனது. மீதியைச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் என் வண்டவாளம் ஒன்று. 2022 ஏப்ரலில் அமெரிக்காவில் ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்புக்கும் அவருடைய முன்னாள் மனைவி நடிகை ஆம்பர் ஹேர்டுக்கும் வழக்கு நடந்தபோது, ஹேர்டின் வக்கீல் கோர்ட்டில் ஒரு கரெக்டர் பேலட்டைத் தூக்கிக் காட்டினார், டெப்பிடம் அடிபட்ட இடத்தை இதை வைத்துத்தான் மறைத்தார் என்று. அது மிலானி கம்பெனியின் பேலட் மாதிரி இருந்தது. அந்தக் கம்பெனியே, இந்தச் சரக்கு 2017இல்தான் வந்தது என்று வீடியோ போட்டுவிட்டது. ஹேர்ட் விவாகரத்துக்குப் போட்டதோ 2016 மே. உலகமே கைகொட்டிச் சிரித்தது. எங்கள் மேக்கப்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அந்த ரீலைப் போட்டது நான்தான். சிரிப்பு பொம்மை நாலு சேர்த்துப் போட்டேன்.

பிறகு ஹேர்ட் சாட்சி சொன்னபோது, காயத்தின் நிறம் நாளுக்கு நாள் மாறும், அதற்குத் தகுந்தபடி கலர் மாற்றிப் பூச வேண்டும் என்றார். தொழில்காரிக்குத் தெரியும், அந்தக் கணக்கு சரி. முதலில் சிவப்பு, அப்புறம் நீலம், ஊதா, வாரம் கழிந்தால் மஞ்சள். யார் அடித்தார் என்பதற்கு அது சாட்சி ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் துண்டை எங்கள் குரூப்பில் ஒருத்தரும் போடவில்லை. நானும்தான்.

அது ஹேர்ட் மேல் டெப் போட்ட மானநஷ்ட வழக்கு, யாரையும் உள்ளே தள்ளுகிற வழக்கு இல்லை. இது என் நாற்காலியில் உட்கார்ந்து புருவம் எடுத்தவர்கள் பாதிப் பேருக்குத் தெரியாது. "அவளை ஜெயில்ல போட்டாச்சாக்கா?" என்பார்கள். 2022 ஜூன் 1இல் ஜூரி டெப்புக்கு ஒரு கோடி டாலர் நஷ்டஈடும் அதற்கு மேல் தண்டத் தொகையும் என்றது. எதிர்வழக்கில் ஹேர்டுக்கும் 20 லட்சம் டாலர் என்றது. அதே டெப் லண்டனில் ஒரு பத்திரிகை மேல் போட்ட வழக்கில், 2020 நவம்பரில், அவர் ஹேர்டை அடித்ததாகச் சொல்லப்பட்ட 14 சம்பவங்களில் 12 நடந்தவைதான் என்று நீதிபதி ஏற்றுக்கொண்டார். இரண்டு கோர்ட், இரண்டு தீர்ப்பு. பார்லரில் மட்டும் ஒரே தீர்ப்பு.

அமெரிக்காவை விடுங்கள், பெங்களூரு நமக்கு நாலு மணி நேரம். 2011 செப்டம்பரில் கன்னட நடிகர் தர்ஷன், மனைவி கொடுத்த புகாரில் கைதானார். தயாரிப்பாளர் சங்கம் யாருக்குத் தடை போட்டது தெரியுமா? கூட நடித்த நிகிதாவுக்கு, மூன்று வருடம்! எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் வாபஸ். தர்ஷன் உள்ளே இருந்தபோதே ரிலீஸான அவர் படம் ஓடு ஓடென்று ஓடியது. மனைவியும் பிறகு பேச்சை மாற்றிக்கொண்டார்.

இப்போது பச்சைக்கு வருகிறேன். போன ஆவணியில் ஒரு பெண் வந்தாள். நாத்தனாருக்கு ரிசப்ஷன். கன்னத்து எலும்பு மேல் சிவந்து கன்றியிருந்தது.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேங்க்கா."

"சரி கண்ணு, நிமிர்ந்து உக்காரு."

ஜாக்கெட் கையை முழங்கை வரைக்கும் இறக்கித் தைத்திருந்தாள். சேலைக்குப் பின் குத்தும்போது கை விலகியது. மேல்கையில் ஒரு பக்கம் நாலு விரல், மறுபக்கம் கட்டைவிரல். பாத்ரூம் தரைக்கு விரல் கிடையாது. நான் ஒன்றும் கேட்கவில்லை. பச்சை, மேலே பீச், அதற்கு மேல் ஃபவுண்டேஷன், பவுடர். மண்டபத்தில் அவள் மாமியார் பக்கத்தில் வந்து முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பரவால்லம்மா, ஒண்ணுமே தெரியல" என்றார்.

இவ்வளவு நல்ல ரிவ்யூ எனக்கு வேறு யாரும் கொடுத்ததில்லை. அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

கோர்ட்டில் ஜூனியர் வக்கீலாக இருக்கும் என் சித்தி மகளிடம் கேட்டேன். "மறைக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்தியாக்கா?" என்றாள். நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது இதைத்தான். எங்கள் தொழிலில் 'பிஃபோர்' போட்டோ எடுப்பது வழக்கம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இப்போது அப்படி யாராவது வந்தால் அவர்கள் போனிலேயே பகல் வெளிச்சத்தில் எடுத்துக் கொடுக்கிறேன், கிட்டத்தில் ஒன்று, முகம் தெரிகிற மாதிரி ஒன்று. என் போனில் வைத்துக்கொள்வதில்லை.

அவள் சொன்னதில் இன்னும் கொஞ்சம். ஜிஹெச் போனால் எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்பார், சொல்வதைத்தான் ஏ.ஆரில், அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில், எழுதுவார். அங்கே 'வழுக்கி விழுந்தேன்' என்று சொல்லிவிட்டால் நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் அந்தக் காகிதத்தைத்தான் முதலில் எடுப்பார். ராத்திரியானாலும் 181க்குப் போன் போடலாம். எடுத்த எடுப்பில் போலீஸ் ஸ்டேஷன் வேண்டாம் என்றால் மாவட்டத்துக்கு ஒரு பாதுகாப்பு அலுவலர் உண்டு, 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் அவரே சம்பவ அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். வீடு மாமியார் பேரில் இருந்தாலும், மருமகள் அங்கே வாழ்ந்திருந்தால் சட்டென்று வெளியே தள்ள முடியாது, 2020இல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. கோர்ட் போட்ட பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஒரு வருடம் வரை ஜெயில், 20,000 வரை அபராதம். மனுவை 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறதாம். அதைச் சொல்லும்போது சித்தி மகளே சிரித்துவிட்டாள்.

அந்தப் பெண் தை மாதம் மறுபடி வந்தாள். இந்தத் தடவை மஞ்சளாகியிருந்தது, லாவண்டரைத் தொட வேண்டியிருந்தது. சிரிப்பு பொம்மை போட்ட அதே விரல்தான். முதலில் போட்டோ எடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைக் கூகுள் டிரைவில் எப்படிப் போடுவது என்று மட்டும் கேட்டாள்.

ஐந்துக்கு நாலு ஸ்டார் கொடுக்கலாம். உருகுவதற்காக ஒன்று குறைத்தேன். லாவண்டர் பெரும்பாலோருக்கு வீண், நாலு கலர் செட் இருந்தால் அதையே வாங்குங்கள். பச்சை மட்டும் ரீஃபில் கிடைக்குமா என்று கடையில் கேட்டேன். "தனியா வராதுங்க்கா, முழு செட்டாத்தான் வாங்கணும்" என்றார் தம்பி. வாங்கினேன். ஆரஞ்சு இன்னும் குறையாமல்தான் இருக்கிறது, பச்சையில் அதற்குள் அடித்தகடு தெரிகிறது.