ஜாப் ஒர்க் குழுவில் ஆள் நடமாட்டம் எப்போது? அரட்டையை அலச நாலு வழிகள், ஒரு ஒப்பீடு

திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட் (மற்ற கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் இடம்) வைத்திருப்பவர்கள் டைலர் தேடுவது இப்போது பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவில்தான். "ஓவர்லாக் ரெண்டு, பேட்லாக் ஒண்ணு வேணுமுங்க, பீஸ் ரேட், சனிக்கிழமை சம்பளம்" என்று போட்டுவிட்டுக் காத்திருக்கிறோம் (ஓவர்லாக், பேட்லாக் இரண்டும் தையல் மெஷின் வகை, பீஸ் ரேட் என்றால் உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி). சரியான நேரத்தில் போட்டால் சீக்கிரமே போன் வரும். இல்லாவிட்டால் அதற்கு மேல் ஒரு குவியல் செய்தி ஏறி, யார் கண்ணிலும் படாமல் போகும். குழு எந்த மணிக்கு உயிரோடு இருக்கிறது என்று கண்டுபிடிக்க டெலிகிராம், அரட்டையை அலசும் இணையதளங்கள், கூகுள் ஷீட்ஸ், பைத்தான் என்று நாலு வழி இருக்கிறது, அதில் எது உருப்படியாக உதவும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறேன்.

எந்த வழிக்குப் போனாலும் ஒன்றை முதலில் மனதில் வையுங்கள். எந்த நேரத்தில் செய்தி அதிகம் என்பது வேறு, எந்த நேரத்தில் ஆள் அதிகம் என்பது வேறு. காலை ஏழு மணிக்குப் பூப்படமும் சாமி படமுமாகக் குழு நிரம்பி வழியும், ஆனால் போடுவது அதே நாலைந்து பேர்தான். நமக்கு வேண்டியது ஆள் கணக்கு. அதைக் காட்டாத கருவி எவ்வளவு அழகாகப் படம் வரைந்தாலும் எனக்குப் பிரயோஜனமில்லை.

டெலிகிராமைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பெரிய குழுக்களின் அட்மின்களுக்கு அதிலேயே புள்ளிவிவரப் பக்கம் உண்டு, எந்த மணியில், எந்தக் கிழமையில் பேச்சு அதிகம் என்று வரைபடமே வரும். கம்ப்யூட்டரில் டெலிகிராம் டெஸ்க்டாப் இருந்தால் அரட்டை முழுவதையும் ஜேசன் (JSON, நிரல்கள் சுலபமாகப் படிக்கும் வடிவம்) கோப்பாக எடுக்கலாம், நேரம் எல்லாம் சுத்தமாக இருக்கும். நாலு வழியில் இதுதான் மிகச் சுலபம். ஆனால் நம் டைலர்களும் காண்ட்ராக்டர்களும் இருப்பது வாட்ஸ்அப்பில்.

வாட்ஸ்அப்பில் அரட்டையை 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுத்து, மீடியா இல்லாமல் எடுத்தால் ஒரு எழுத்துக் கோப்பு கிடைக்கும். மீடியா இல்லாமல் 40,000 செய்தி, மீடியாவோடு 10,000 என்று வாட்ஸ்அப் வரம்பு சொல்லி வந்திருக்கிறது. நேரத்தை அலச மீடியாவே வேண்டாம். நீங்கள் குழுவில் சேர்வதற்கு முன் நடந்த பேச்சு உங்கள் கோப்பில் இருக்காது, அதனால் பழைய ஆள் ஒருவரின் போனிலிருந்து எடுப்பது நல்லது. 2025இல் வந்த 'அட்வான்ஸ்டு சாட் பிரைவசி' என்ற பாதுகாப்பு அமைப்பு குழுவில் போடப்பட்டிருந்தால் எடுக்கவே முடியாது, அதற்கு அட்மினிடம் பேச வேண்டியதுதான்.

அந்தக் கோப்பை வாங்கிக்கொண்டு கிழமையும் மணியுமாகக் கட்டம் போட்டு வண்ணத்தில் காட்டும் இணையதளங்கள் நிறைய இருக்கின்றன. வேகத்தில் இவற்றை அடிக்க ஆளில்லை. ஆனால் நான் பார்த்தவரை பெரும்பாலும் செய்தியைத்தான் எண்ணுகின்றன, ஆளை எண்ணுவதில்லை. இன்னொன்று, போனில் பெயர் பதியாதவர்கள் கோப்பில் பெரும்பாலும் போன் நம்பராகவே இருப்பார்கள். பெண்கள் நம்பரும் அதில் இருக்கும். அவர்களைக் கேட்காமல் முகம் தெரியாத சர்வருக்கு அனுப்புவதில் எனக்குச் சம்மதமில்லை. பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், பக்கம் திறந்ததும் நெட்டை அணைத்துவிட்டுக் கோப்பைக் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் வேலை செய்தால் கணக்கு உங்கள் பிரவுசரிலேயே நடக்கிறது. நெட்டைத் திரும்பப் போடுவதற்கு முன் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

நான் சொல்வது கூகுள் ஷீட்ஸ், அல்லது எக்ஸெல். வேலை கொஞ்சம் இருக்கிறது, ஆனால் கேட்கிற கேள்விக்குப் பதில் இங்கேதான் வரும். முதலில் தேதியோடு தொடங்கும் வரிகளை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பத்து வரியில் ஒருவர் வேலைப் பட்டியல் போட்டால் கோப்பில் பத்து வரியும் தனித்தனியாக நிற்கும், அத்தனையும் எண்ணினால் ஒரு செய்தி பத்தாகிவிடும். யார் சேர்ந்தார், யார் விலகினார் என்ற அறிவிப்பு வரிகளையும் எடுத்துவிடுங்கள். அடுத்து ஷீட்டின் 'செட்டிங்ஸில்' நாட்டை இந்தியா என்று வைக்க வேண்டும். அமெரிக்கா என்று இருந்தால் 05/04 என்பது ஏப்ரல் 5 ஆகாமல் மே 4 ஆகிவிடும், 13/04 வெறும் எழுத்தாக நின்றுவிடும், கிழமைக் கணக்கு மொத்தமும் குளறுபடி. மணிக்கும் 'பிஎம்'முக்கும் நடுவே சாதாரண இடைவெளி இல்லாமல் வேறொரு ஒடுங்கிய இடைவெளிக் குறி புதிய வாட்ஸ்அப் கோப்புகளில் வருகிறது. பார்த்தால் வித்தியாசமே தெரியாது, ஆனால் ஷீட் அதை நேரமாக ஏற்காமல் முரண்டு பிடிக்கும். அந்த இடைவெளியை மட்டும் காப்பி எடுத்து, 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில்' சாதாரண இடைவெளியாக மாற்றினால் சரியாகிவிடும்.

அப்புறம் முக்கியமான வேலை. ஒவ்வொரு வரியையும் தேதி, மணி (நிமிடம் இல்லாமல்), பெயர், செய்தி என்று பத்திகளாகப் பிரித்து, முதல் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு செய்திப் பத்தியை அழித்துவிட்டு, ஒரே மாதிரி வரிகளில் ஒன்றை மட்டும் விட்டுவைக்கும் 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' கொடுங்கள். ஷீட்ஸும் கூகுளின் சர்வர்தான் என்பதால் பேச்சு அங்கே கிடக்க வேண்டியதில்லை. இப்போது ஒரு மணி நேரத்தில் ஒருவர் எத்தனை பேசியிருந்தாலும் ஒன்றுதான். இதற்கு மேல் பிவட் டேபிள் (கிழமை, மணி வாரியாக எண்ணித் தொகுக்கும் அட்டவணை) போட்டால், ரேட் பேசி இரண்டு பேர் மதியமெல்லாம் மாறி மாறி அடித்த செய்தியும் காலைப் பூப்படமும் அடங்கிப் போகும். எங்கள் குழுவில் இப்படிப் பார்த்தபோது காலை ஏழு மணி மேடு சரிந்து, ஒன்றரை ஷிப்ட் முடியும் இரவு எட்டரைக்கு மேல்தான் ஆள் குவிவது தெரிந்தது. சனிக்கிழமை சம்பள நாள் என்பதால் அது தனிப் போக்கு, அதைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் வாரங்களைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

பைத்தான் நிரல்மொழியில் தரவை அலசும் பாண்டாஸ் தொகுப்பு தெரிந்தவர்களுக்கு இதே வேலை சில வரிகளில் முடியும், நெட்டே வேண்டாம். பல குழுக்கள், பல வருஷக் கோப்புகள் என்றால் அதுதான் சரி. ஒரே குழுவுக்காக உட்கார்ந்து கற்றுக்கொள்ளச் சொல்ல மாட்டேன்.

எந்தக் கருவியும் பேசுகிறவர்களை மட்டுமே காட்டும். பேசாமல் படித்துவிட்டு நேராகப் போன் அடிக்கும் டைலர்கள்தான் நமக்கு அதிகம் வேண்டியவர்கள். அதற்கு நீங்கள் போட்ட செய்தியை அழுத்திப் பிடித்து 'இன்ஃபோ' பாருங்கள், யார் எத்தனை மணிக்குப் படித்தார்கள் என்று வரும். நீல டிக்கை அணைத்து வைத்தவர்களும் குழுவில் மறைய முடியாது. ஒரு வாரம் இரவு எட்டே முக்காலுக்கும், அடுத்த வாரம் மாலை டீ நேரத்துக்கும் போட்டு, இரண்டு 'இன்ஃபோ'வையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.