ஃபிலிபஸ்டர்: படையோடு போனவனும் பேசியே நின்றவனும்

ஃபிலிபஸ்டர் என்றால் இன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்தான் நினைவுக்கு வரும்: மசோதாவைத் தடுக்க அங்கே விடாமல் பேசிக்கொண்டே இருப்பது. ஆனால் ஆங்கிலம் இச்சொல்லை ஸ்பானியத்தின் 'ஃபிலிபுஸ்தேரோ'விலிருந்து எடுத்தபோது அதன் பொருள் வேறு. மூலம் கொள்ளைக்காரனைக் குறிக்கும் டச்சுச் சொல்.

1850களில், அரசின் அனுமதியின்றி ஆள் திரட்டி அயல்நாட்டைப் பிடிக்கப் போகும் அமெரிக்கனுக்கு இதுவே பெயர். வில்லியம் வாக்கர் அப்படித்தான் 1855இல் சில டஜன் ஆட்களோடு நிகரகுவாவில் இறங்கினார். மறு ஆண்டே அந்நாட்டு ஜனாதிபதி! பதவியேறியதும் அடிமை முறையை மீண்டும் சட்டமாக்கினார். 1860இல் ஹோண்டுராஸில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

செனட்டின் ஃபிலிபஸ்டருக்குத் துப்பாக்கி வேண்டாம், தொண்டை போதும். 1957இல் செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் குடிமை உரிமைகள் மசோதாவைத் தடுக்க 24 மணி 18 நிமிடம் பேசினார். பல மாநிலங்களின் தேர்தல் சட்டங்களை வரிசையாக வாசித்தார். அவையை விட்டு வெளியேற நேரக்கூடாது என்று முன்கூட்டியே நீராவிக் குளியலில் உடலை வற்ற வைத்திருந்தாராம். மசோதா நிறைவேறியேவிட்டது.

அவையைக் கடத்திக்கொண்டு போவதால் பழைய பொருள் இதற்கும் பொருந்துகிறது. இரண்டில் வாக்கரின் வழி கொடியது. தர்மண்டின் வழிதான் நிலைத்தது. விவாதத்தை முடித்துவைக்க இன்றும் பெரும்பாலும் 60 வாக்குகள் வேண்டும்.

பிலிப்பைன்ஸிலோ கதை தலைகீழ். அங்கே ஸ்பானிய ஆட்சியை எதிர்த்தவனே ஃபிலிபுஸ்தேரோ. அந்த வசையிலிருந்தே ஹோசே ரிசால் 1891இல் தம் இரண்டாவது நாவலுக்குத் தலைப்பு எடுத்தார். 1896இல் அவரையும் சுட்டார்கள்.