ஸ்டாக்கிலிருந்து அரேக்கு: டுஅரேயா, காப்பிடுவா?

ஸ்டாக் என்பது தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது போல; கடைசியாக வைத்ததே முதலில் வெளியே வரும். அதில் 10, 20, 30 என்று புஷ் செய்தாயிற்று, அதாவது ஒவ்வொன்றாக மேலே வைத்தாயிற்று. உச்சியில் 30 இருக்கிறது. இதை ஓர் அரேக்கு, அதாவது எண்ணிட்ட இடங்களின் வரிசைக்கு, நகலெடுத்தால் முதல் இடமான பூஜ்ஜியமாவது இடத்தில் எது வந்து உட்காரும்? சி ஷார்ப்பில் 30. ஜாவாவின் ஸ்டாக் கிளாஸில் 10. ஒரு மொழியில் எழுதிய நிரலை இன்னொன்றுக்கு மாற்றும்போது பலரும் சறுக்குவது இங்கேதான். கம்பைலர் வாயே திறக்காது. விடை மட்டும் தலைகீழாக வந்து நிற்கும்.

ஜாவாவின் ஸ்டாக், வரிசையாகச் சேர்த்து வைக்கும் வெக்டர் கிளாஸின் வாரிசு. அதனால் சேர்த்த வரிசையிலேயே அடியிலிருந்து கொடுக்கிறது. அதே ஜாவாவில், ஸ்டாக்காகவும் பயன்படும் அரேடெக் கிளாஸை எடுத்துப் புஷ் செய்தால் 30தான் முதலில் வரும். புதிதாக எழுதுபவர்கள் அரேடெக் பக்கம் போவதே நல்லது; ஜாவாவின் ஆவணமும் ஸ்டாக்கைவிட டெக் வகையைத்தான் (அரேடெக் அதில் ஒன்று) பரிந்துரைக்கிறது.

சி ஷார்ப்பில் வழி இரண்டு. டுஅரே (ToArray) சரியான அளவில் புது அரே ஒன்றை உண்டாக்கித் தரும். காப்பிடு (CopyTo), நாம் கொடுக்கும் அரேயில், நாம் சொல்லும் இடத்திலிருந்து நிரப்பும். 5 இடமுள்ள அரேயில் மூன்று எண்களை இன்டெக்ஸ் 2இலிருந்து போடலாம். 3இலிருந்து என்றால் இடம் போதாமல் எக்ஸெப்ஷன், அதாவது ஓடும்போதே பிழை. நிரப்பாத இடங்களில் பழைய மதிப்புகள் அப்படியே கிடக்கும். ஒரே அரேயை லூப்பில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால், எத்தனை வந்தன என்ற கணக்கையும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். மெமரியை மிச்சப்படுத்தியே ஆகவேண்டிய இடம் தவிர, மற்றதற்கெல்லாம் என் ஓட்டு டுஅரேவுக்கே.

ஜாவாவில் டுஅரேக்கு நாமே அரே கொடுத்தால் இன்னொரு வேடிக்கை: அது சிறியதாக இருந்தால் சத்தமில்லாமல் புது அரே ஒன்றைத் திருப்பித் தரும். திரும்பி வந்ததை வாங்காமல் விட்டவர், காலி அரேயைப் பார்த்துத் தலையைச் சொறிவார்.

இந்த இரு மொழிகளிலும் எந்த வழியானாலும் ஆப்ஜெக்ட்டுகள் நகலாவதில்லை, அவை இருக்கும் இடத்தைக் காட்டும் ரெஃபரன்ஸ் மட்டுமே. அரே வழியாக ஓர் ஆப்ஜெக்ட்டை மாற்றினால் ஸ்டாக்கிலும் மாறியிருக்கும்.

பாப் செய்து செய்து, அதாவது உச்சியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து, அரேயை நிரப்புவது ஸ்டாக்கையே காலி செய்துவிடும். சி பிளஸ் பிளஸ்ஸில் ஸ்டாக்குக்கு, எதையும் எடுக்காமலே ஒவ்வொன்றாகப் பார்த்துச்செல்ல உதவும் இட்டரேட்டர் கிடையாது என்பதால், முதலில் ஸ்டாக்கை நகலெடுத்து, அந்த நகலைப் பாப் செய்வதே வழக்கம். சி ஷார்ப்பில் ஸ்டாக்கை நகலெடுக்கப் பழையதை அப்படியே, புது ஸ்டாக்கை உண்டாக்கும் கன்ஸ்ட்ரக்டரில் கொடுத்தால், உச்சியிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகப் புஷ் செய்வதால் வரிசை கவிழ்ந்துவிடும். நேராக்க, இன்னொரு முறை அதையே செய்ய வேண்டும்.