அப்ரூவல் நூறு, ஆனாலும் அலிஸ்டர் கிளம்பிவிடுவான்

டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் என்ற கற்பனை உலக ரோல்-பிளே கேமின் அல்டிமேட் எடிஷன் அடிக்கடி அடிமாட்டு விலைக்கு வருகிறது. 2009-ல் பயோவேர் வெளியிட்ட கேமை இப்போது வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கான பதில்தான் இது. கிராபிக்ஸ் எப்படி, ஆறு ஆரிஜின் கதைகளில் எது நன்றாக இருக்கும் என்பதெல்லாம் ஊரே எழுதித் தீர்த்துவிட்டது. அதைத் தொடப்போவதில்லை. என் வழக்கு முழுவதும் ஒரே இடத்தில்தான்: லேண்ட்ஸ்மீட். ஃபெரெல்டன் நாட்டை யார் ஆள்வது என்று முடிவு செய்யப் பிரபுக்கள் தலைநகர் டெனெரிமில் கூடும் அந்தச் சபைக் காட்சியும், அதுவரை கூட வந்தவர்கள் அதற்குப் பிறகு என்ன ஆகிறார்கள் என்பதும். கதையின் முடிச்சுகள் எல்லாம் கீழே அவிழும். ஆடாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் எரிச்சல். தோழர்கள் ஒவ்வொருவருக்கும் மைனஸ் நூறிலிருந்து நூறு வரை ஒரு அப்ரூவல் எண் உண்டு. நாம் எடுக்கும் முடிவு பிடித்தால் ஏறும், பிடிக்காவிட்டால் இறங்கும். எண் ஏற ஏற அவர்களுக்குக் கூடுதல் பலமும் கிடைக்கும். இதுவரை சரி. ஆனால் அதே எண்ணைப் பரிசு கொடுத்தும் ஏற்றலாம். ஊரையே எரித்துவிட்டு வந்து குடிகாரத் தோழன் ஓக்ரெனுக்கு ஒரு பாட்டில் சாராயம் கொடுத்தால் கணக்கு நேர். மோரிகனுக்கு நகை, ஸ்டெனுக்கு ஓவியம், வின்னுக்கு புத்தகம், கல்லுருவான ஷேலுக்கு ரத்தினம், நாய்க்கு எலும்பு. கொள்கை, கோபம், மனசாட்சி எல்லாவற்றுக்கும் கடையில் விலை இருக்கிறது என்றால் அரசியல் எங்கே வரும்?

இந்த முறையை வைத்தே ஆடுவது என்றால் ஒரு சூட்சுமம் உண்டு. ஒவ்வொரு பரிசுக்கும் அடுத்த பரிசின் மதிப்பு ஒன்று குறையும், ஆனால் ஒன்றுக்குக் கீழே போகாது. அதனால் ஒருவருக்கு மிகவும் பிடித்த பொருளை முதலில் கொடுக்க வேண்டும், சில்லறைச் சாமான்களைக் கடைசியில் தள்ள வேண்டும். பை நிரம்புகிறதே என்று கண்டதை எல்லாம் முதல் நாளே கொடுத்துத் தீர்த்தால், அவருக்கு உயிரான பொருள் கைக்கு வரும்போது அதற்குரிய ஏற்றம் கிடைக்காது. ஃபீஸ்ட்டே கிஃப்ட்ஸ் என்ற டிஎல்சி (கேமோடு சேர்க்கும் கூடுதல் பகுதி) பரிசுகளை முதல் ஆட்டத்தில் தொடவே வேண்டாம். ஒரே பொருளில் எண் எகிறிவிடும், உறவு வளர்வதைப் பார்க்கவே முடியாது.

பரிசுகளிலும் விதிவிலக்கு இருக்கிறது. ரெட்கிளிஃப் கோட்டையில் ஆர்ல் (பெரிய பிரபு) ஈமனின் படிப்பறை மேசைக்குள் ஒரு தாயத்து கிடக்கும். நம் தோழன் அலிஸ்டருடைய அம்மாவின் தாயத்து. சிறுவயதில் அவனைச் சான்ட்ரி என்ற மடத்துக்கு அனுப்பும்போது கோபத்தில் அதைச் சுவரில் வீசி உடைத்திருப்பான். துண்டுகளைப் பொறுக்கி ஒட்டவைத்துப் பத்திரமாக வைத்திருந்தவர் ஈமன். அதை அவனிடம் கொடுக்கும்போது எண் ஏறுவதைவிட, ஈமன் மேல் இத்தனை வருஷம் வைத்திருந்த மனக்கசப்பை அவன் ஒரு நிமிஷம் நிறுத்தி யோசிப்பதுதான் பெரிய விஷயம். ஈமன் வெறும் வளர்ப்பு அப்பா இல்லை. அலிஸ்டரை அரியணையில் உட்காரவைக்கத் துடிக்கும் அரசியல்வாதி. அந்த மேசையும் தாயத்தும் அந்த அரசியலுக்குள்தான் இருக்கின்றன. இப்படி எழுதத் தெரிந்தவர்கள் எதற்குச் சாராய பாட்டிலை நுழைத்தார்கள் என்பதுதான் என் கோபம்.

இனி லேண்ட்ஸ்மீட். ஓஸ்டகர் போரில் மன்னர் கைலனைக் கைவிட்டுப் படையோடு திரும்பிய லோகெய்ன் ஒருபக்கம். கைலனின் விதவையும் லோகெய்னின் மகளுமான ராணி அனோரா இன்னொருபக்கம். பழைய மன்னர் மேரிக்கின் வெளியில் சொல்லாத மகன் அலிஸ்டர் நம் பக்கம். வாக்கு சேர்ப்பதற்குச் சில வேலைகள் கட்டாயம். லோகெய்னின் கூட்டாளி ஆர்ல் ஹாவின் மாளிகை நிலவறையில் சித்திரவதைக்கு ஆளாகிக் கிடக்கும் ஆஸ்வினை விடுவித்தால் அவனுடைய அப்பா பான் (பிரபுப் பட்டம்) சிகார்டு நம் பக்கம் பேசுவார். அதே நிலவறையில் இர்மின்ரிக் என்ற டெம்ப்ளர் (சான்ட்ரி வீரன்) ஒரு மோதிரம் தருவான். அதை அவன் சகோதரி பான் ஆல்ஃப்ஸ்டானாவிடம் சேர்த்தால் போதும். சிகார்டு, ஆல்ஃப்ஸ்டானா இருவரும் சந்தைப் பகுதியில் உள்ள நாட் நோபிள் மதுக்கடையில் இருப்பார்கள். எல்ஃப் சேரியில் டெவின்டர் அடிமை வியாபாரிகளை முறியடித்து ஆதாரத்தை எடுத்து வந்தால் சபையில் லோகெய்ன் முகம் தொங்கும். பான் சியோர்லிக்கிடம் நேரத்தை வீணாக்க வேண்டாம், அவர் மாற மாட்டார். எல்லாவற்றையும்விட முக்கியம் அனோரா. அவளுக்கு முன்கூட்டியே ஆதரவு வாக்குக் கொடுக்காமல் போனால் சபையில் அப்பா பக்கம் சாய்ந்து நம் காலை வாருவாள்.

இவ்வளவும் செய்து வாக்கில் ஜெயித்தாலும் லோகெய்ன் பணிய மாட்டார். தோற்றாலோ மண்டபத்திலேயே கைகலப்பு. இரண்டு வழியும் கடைசியில் ஒற்றைக்கு ஒற்றை வாள்சண்டையில்தான் போய்ச் சேரும். பிரபுக்களின் குரல் இவ்வளவுதானா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. (நம் சார்பில் நாயைக்கூடச் சண்டைக்கு அனுப்பலாம். நாட்டின் தலையெழுத்தை ஒரு மபாரி நாய் தீர்மானிப்பதைப் பார்க்க வேண்டுமானால் ஒரு சேவ் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.)

உண்மையான அரசியல் சண்டை முடிந்த பிறகுதான். யாரை அனுப்பினோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அலிஸ்டரை அனுப்பினால் அவன் லோகெய்னை அங்கேயே வெட்டிவிடுவான், பேச்சுக்கே இடமில்லை. அதற்குப் பிறகு அலிஸ்டரைக் கட்டிக்கொள்ள அனோரா சம்மதிக்கவும் மாட்டாள். நாமே சண்டையிட்டு ஜெயித்தால் ரியோர்டன் என்ற கிரே வார்டன் குறுக்கே வந்து, அரக்கப் படையை நடத்தும் ஆர்ச்டீமன் டிராகனைக் கொல்ல கிரே வார்டன்கள் (நாமும் அலிஸ்டரும் சேர்ந்திருக்கும் அரக்கர் ஒழிப்புப் படை) போதாது, லோகெய்னைக் கொல்லாமல் வார்டனாக்குங்கள் என்பார். சரி என்று சொன்ன அந்த நொடியில் அலிஸ்டர் விலகிவிடுவான்.

அப்ரூவல் நூறு இருந்தாலும் போவான். எத்தனை பொம்மை, எத்தனை ரூன் கல் கொடுத்திருந்தாலும் போவான். கோயர்ஷன் (பேசி மசியவைக்கும்) திறமையை உச்சியில் வைத்திருந்தாலும், அந்த ஒரு வரியை மாற்றப் பேச்சுத் தேர்வு கிடையாது. என்னை வார்டனாக்கிய டங்கனை ஓஸ்டகரில் சாகவிட்டவன் என் பக்கத்தில் நின்று வார்டன் என்று சொல்லிக்கொள்வதா என்பதுதான் அவன் வாதம். அந்த வாதத்தில் ஓட்டை இல்லை. அனோரா தனியாக அரியணை ஏறினால் அவன் தலையையும் கேட்பாள். நாம் தலையிட்டுக் காப்பாற்றினால் நாடோடியாகப் போய், 2011-ல் வந்த இரண்டாம் பாகத்தில் கிர்க்வால் நகரத்து மதுக்கடையில் குடித்துவிட்டுப் புலம்பிக்கொண்டிருப்பான்.

பரிசுக் கடை திறந்துவைத்த அதே கேம்தான் இங்கே கடையைச் சாத்துகிறது. நாற்பது ஐம்பது மணி நேரம் எண்ணை நம்பவைத்து, ஒரே ஒரு இடத்தில் எண்ணுக்கு மதிப்பில்லை என்கிறது. முதலில் இது ஏமாற்று வேலையாகத் தெரியும். ஆடி ஆடிப் பார்த்தபின் இந்தக் கேமில் நேர்மையான ஒரே இடம் இதுதான் என்று படுகிறது. இன்றைக்கு எது உண்மை என்று கேட்டால் ஏமாற்று வேலை என்பேன்.

லோகெய்னை உயிரோடு விட்டும் அலிஸ்டரை ராஜாவாக்க வழி இருக்கிறது, ஆனால் வெகு முன்பே தொடங்க வேண்டும். டெனெரிம் சந்தையில் வேட் என்ற கொல்லனின் கடைக்குப் பக்கத்தில் அலிஸ்டரின் அக்கா கோல்டானாவின் வீடு. துணி துவைத்துப் பிழைப்பவள், அவனைப் பார்த்ததும் பணம்தான் கேட்பாள். வெளியே வந்ததும் அலிஸ்டர் மனம் உடைந்து பேசுவான். ஆறுதல் சொல்லக் கூடாது. உலகத்தில் அவரவர் அவரவர் காரியத்தைத்தான் பார்ப்பார்கள், நீயும் அதைக் கற்றுக்கொள் என்ற பொருளில் வரும் பதிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு முகாமில் அவன் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கும்போதும் அதையே உறுதி செய்ய வேண்டும். இந்த இரண்டாவது உரையாடலை விட்டுவிட்டால் முதலாவது வீண், பலருடைய ஆட்டம் கெடுவது இங்கேதான். இப்படி இறுகிய அலிஸ்டரை லேண்ட்ஸ்மீட்டுக்கு முன் ஈமனின் டெனெரிம் மாளிகையில் அனோராவோடு சேர்ந்து ஆளச் சம்மதிக்கவைக்க வேண்டும், அனோராவிடமும் தனியாகப் பேசி ஒப்புதல் வாங்க வேண்டும். சண்டைக்கு நாமே போக வேண்டும். அப்போது லோகெய்னை விட்டுவைத்தாலும் அலிஸ்டர் ராஜாவாக இருப்பான். ஆனால் நம் கூட வர மாட்டான், அந்தக் கதவு எப்படியும் மூடியதுதான்.

அவன் இடத்துக்கு லோகெய்ன் வருவார். இங்கேதான் எழுதியவர்களின் குறும்பு. இருவரும் வாளும் கேடயமும் பிடிப்பவர்கள். டெம்ப்ளர் என்ற சிறப்புப் பயிற்சி போய் சாம்பியன் வரும், அவ்வளவுதான் வித்தியாசம். குழுவின் முன்வரிசை அப்படியே இருக்கும், சண்டையில் ஒரு குறையும் தெரியாது. நண்பன் போனதால் நஷ்டமில்லை என்று கணக்கு காட்டுகிற கேம் இது. இன்னொன்று: வழியெங்கும் பழைய நிலப்படங்கள் கிடைக்கும், பரிசுப் பொருள் என்று எழுதியிருக்கும், யாருக்கு என்றே புரியாது. விற்றுவிடாதீர்கள். அவை லோகெய்னுக்கு. அவருக்கு நிலப்படங்கள் என்றால் உயிர்.

லோகெய்னின் பெரிய குறை, அவர் வரும்போது கதை முடியப்போகிறது. பேசவும் பழகவும் நேரமில்லை. அதற்கும் ஒரு வழி உண்டு: ரிட்டர்ன் டு ஓஸ்டகர் என்ற டிஎல்சியை முன்பே முடிக்காமல் லேண்ட்ஸ்மீட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், லோகெய்னைக் கூட்டிப்போங்கள். கைலனின் பெட்டிக்குள் ஆர்லே பேரரசி செலீனோடு நடந்த கடிதப் போக்குவரத்து இருக்கும். அனோராவை விலக்கிவைக்கச் சொல்லும் ஈமனின் கடிதமும் இருக்கும். ஆர்லேவின் பிடியிலிருந்து நாட்டை மீட்கப் போராடிய மனிதர், தான் கைவிட்ட மன்னனின் கூடாரத்தில் நின்று அதைத் தெரிந்துகொள்கிறார். அவருடைய துரோகம் அதனால் நியாயமாகிவிடாது. ஆனால் ஈமன் எவ்வளவு நல்லவர் என்ற கேள்வி அதற்குப் பிறகு சும்மா இருக்காது.

ஓர்ஸமார் பற்றி ஒரு பத்தி. குள்ளர்களின் அரியணைக்கு பெலன், ஹாரோமான்ட் என்று இருவர். பெலன் கொலைகாரன், ஹாரோமான்ட் கண்ணியமானவர் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மையும் அதுதான். ஆனால் முடிவுரையில் வணிகத்தைத் திறந்துவிட்டு, சாதியற்றவர்களுக்கு ஆயுதம் ஏந்தும் உரிமை கொடுப்பவன் பெலன். கண்ணியமானவர் நகரத்தின் வாசலைச் சாத்திச் சாதிக் கட்டை இறுக்குவார். ஒருவருக்கு வேலை செய்துவிட்டுக் கடைசியில் மகுடத்தை மற்றவர் தலையில் வைக்கவும் முடியும், அதற்குத் தண்டனை கிடையாது. அங்கே ஷேலோடு போனால், கல்லுருக்களை முதலில் செய்த காரிடின் பக்கம் நில்லுங்கள். மறுபடி கல்லுருக்கள் செய்யத் துடிக்கும் பிராங்கா பக்கம் சாய்ந்தால் ஷேல் அங்கேயே நம்மீது பாயும். ஆனால் இதற்கெல்லாம் முன்னால் டீப் ரோட்ஸ் சுரங்கத்தைக் கடக்க வேண்டும், அதை நினைத்தாலே அலுப்பு.

வாங்குகிறவர்களுக்கு நிறுவும் வேலை. இது 32-பிட் கேம். டெனெரிமில் பகுதிக்குப் பகுதி மாறும்போது நினைவகம் நிரம்பிக் கவிழும், லோடிங் நேரமும் நீண்டுகொண்டே போகும். பின்_ஷிப் கோப்புறையில் உள்ள டிஏஆரிஜின்ஸ்.இஎக்ஸ்இ கோப்புக்கு 4 ஜிபி பேட்ச் போடுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். டிஎல்சிகளுக்கு அனுமதியில்லை என்று காட்டினால் விண்டோஸ் சர்வீசஸ் பட்டியலில் கன்டென்ட் அப்டேட்டர் என்ற சேவை ஓடுகிறதா என்று பாருங்கள், நின்றிருந்தால் கையால் தொடங்குங்கள். டிஎல்சி கண்ணுக்குத் தெரியாத நிலையில் பழைய சேவ் கோப்பைத் திறக்கக் கட்டாயப்படுத்தாமல், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். லேண்ட்ஸ்மீட்டுக்கு முந்தைய சேவ் கோப்பை, ஈமனிடம் கிளம்பலாம் என்று சொல்வதற்கு முன் மாளிகைக்குள் எடுத்துத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

டிஎல்சி இல்லாத பதிப்பு இதைவிட மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், ஓஸ்டகரும் ஷேலும் இல்லாமல் மேலே சொன்னதில் பாதி கிடைக்காது. மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்று. சபைக் காட்சிக்கு மட்டும் ஐந்து கொடுப்பேன். ஆனால் அந்தக் காட்சியை ஆடிமுடித்த கையோடு இதை எழுதுகிறேன், ரியோர்டனுக்குச் சரி என்று சொன்ன ஆட்டம் அது. அதனால் இன்றைக்கு மூன்றுக்கு மேல் வராது.